ஒன்றாம் இருக்கையைப் பூட்டிய வரி

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் மரியாதை கெட்டுவிடும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில், என் பக்கத்தில் இருந்த பெண் ஒரு மணிநேரமாகச் சொன்ன கதை இது. இறங்கும்போது, "இதை எழுதிப்போடாதேங்கோ அண்ணை" என்றாள். "ஓம்" என்றேன். அன்றே தொடங்கிவிட்டேன்.

அவளுக்கு நிலாந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயதையும் மாற்றிவிட்டேன். [எவ்வளவு என்று சொன்னால் மாற்றியதில் பயனில்லை.]

முதல் வரியாக எழுதியது: "கடல் அன்று கறுத்துக் கிடந்தது, தொலைவில் ஒரு தனிப் பறவை..."

[கைவிட்டேன். பறவையே இல்லை. கடலும் தன்பாட்டில் சும்மா கிடந்தது. தூறல் மட்டும் விழுந்தது. நிலாந்தி ஒரு நீலக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, அதை விரிக்காமலே நனைந்தபடி பேசினாள்.]

2

அவள் நெடுந்தீவுக்காரி. படகில் இருக்கை பதிவு செய்ய ஓர் இணையப் பக்கம் எழுதியவள். முன்பெல்லாம் ஆட்கள் விடியவே இறங்குதுறையில் பையை வைத்து இடம்பிடிப்பார்கள். இப்போது போனில் இருக்கையைத் தொட்டால் போதும்.

அப்படியொரு பக்கத்தை எவர் திறந்தாலும், அதை இயக்கும் நிரல் முழுவதும் அவருடைய போனுக்கே வந்துவிடுமாம். விரும்பினால் வாசிக்கலாம், சுடலாம். எனக்கு விளங்கவில்லை.

"பூட்டு ஒண்டு போடேலாதோ?"

"போன் அதை வாசிச்சால்தானே வேலை செய்யும். போன் வாசிக்கிறதை மனிசரும் வாசிப்பினம். காட்டக்கூடாததை அனுப்பாமல் விடுறதுதான் ஒரே வழி."

"நீர் அனுப்பினீரோ?"

"அனுப்பினனான். ஆனால் நிரலுக்குள்ள இருந்த பேரெல்லாத்தையும் வெறும் ஒற்றை எழுத்தாக்கி, எல்லாத்தையும் ஒரே வரியா நெருக்கிப்போட்டு விட்டனான். வாசிக்கிறவை கொஞ்சம் மினக்கெடட்டும்."

[பேரை மாற்றி நானும் அதைத்தானே செய்யப்போகிறேன் என்று அப்போதே உறைத்தது.]

3

இப்போது வில்லன். வேலணையில் கணினி வகுப்பு நடத்தும் ரஜீபன். முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் கள்ளச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். பிறகு ஆளை நேரில் பார்த்தேன். கதிரை தந்து தேத்தண்ணியும் தந்தார். இது என்னைப் போன்ற எழுத்தாளனுக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம்.

ஆனாலும் சுட்டவர் அவர்தான். அவர் மினக்கெடவேயில்லை. பிரதி எடுக்க வாசிக்கத் தேவையில்லை அல்லவா? முழுவதையும் அப்படியே எடுத்து, பச்சை நிறத்தை நீலமாக்கி, அடியில் தன் பெயரைப் போட்டு, படகுச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்தை எழுதியவரிடமே அதை நடத்தும் வேலையை நிரந்தரமாகக் கொடுக்கச் சங்கம் முடிவெடுத்திருந்தது. தீவை விட்டுப் போகாமல் நிலாந்திக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வேலை அது.

கூட்டம். மேசையில் இரண்டு போன்கள், நிறம் தவிர இரண்டிலும் ஒரே பக்கம். தலைவர் தியாகலிங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிலாந்தி கேட்டாள்: "ரஜீபன் அண்ணை, உங்கட பக்கத்தில வாற மாதம் பதினாறாம் திகதியைத் திறவுங்கோ."

திறந்தார். எஞ்சினுக்குப் பக்கத்து ஒன்றாம் இருக்கை எவரும் பதிய முடியாதபடி பூட்டியிருந்தது.

"ஏன் பூட்டியிருக்கு?"

"அது... தொழில்நுட்பக் காரணம்."

"வாற வருசத்தைப் பாருங்கோ. அதிலயும் ஒரு நாள் பூட்டியிருக்கு, வேற திகதி. அதுக்கடுத்த வருசம் இன்னொண்டு. ஏன் மாறுது?"

ரஜீபன் போனைத் தடவிக்கொண்டே இருந்தார். தலைவர் எழுந்து சுவரில் தொங்கிய கலண்டரை எடுத்துத் திதி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது உன்ர அப்பாவின்ர திவசமெல்லோ."

அப்பா முப்பது வருடம் அந்தப் படகில் எஞ்சின் பார்த்தவர்.

4

"நிலாந்தி வென்றாள்" என்று எழுதினேன். வெட்டிவிட்டேன். வேலை கிடைத்தது உண்மை. ஆனால் படகில் அவள் சொன்னது வேறு.

"மிச்சத்தை ஆர் கொண்டுபோனாலும் எனக்கென்ன அண்ணை. அந்த ஒரு வரியை ஒளிக்கத்தான் எல்லாத்தையும் குழப்பினனான். கடைசியில நானே பதினொரு பேருக்கு முன்னால வாசிச்சுக் காட்டினன்."

எனக்கு நெஞ்சு கனத்தது. கனத்த நெஞ்சோடு அதையும் குறித்துக்கொண்டேன்.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) ஒன்றாம் இருக்கையை அந்த நாளில் என்றும் காலியாக விடச் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. [அந்தச் சங்கத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.]

ஆ) எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அவள் அந்த வரியை அழித்துவிட்டு...

இ) பதினாறாம் திகதி ரஜீபன் படகில் ஏறி, அந்த இருக்கைக்கு நேரே வந்து...

பதினாறாம் திகதி நானும் அந்தப் படகில் போனேன். இருக்கையைப் பார்த்தேன். ஆனால் காட்டக்கூடாததை அனுப்பக்கூடாது என்று அவள் கற்றுத் தந்திருக்கிறாள். ஆகவே முடிவை அனுப்பவில்லை. வரிகளுக்கிடையில் தேடாதீர்கள். வேண்டுமானால் நீங்களே ஒருவரை அங்கே இருத்துங்கள், அல்லது காலியாக விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தக் கதையை யாராவது தன் பெயரில் போட்டால், வெளியீட்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: மழையில் அவள் ஏன் குடையை விரிக்கவில்லை?

விழிப்பீர்கள். என்ன, அதே கேள்வியை நிலாந்தி வந்து என்னிடம் கேட்டால், நானும் தொழில்நுட்பக் காரணம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.