கடைசி டோக்கனுக்கு முன்னால்

வரவேற்பாளர் என்றால் வாசலில் நின்று சிரித்த முகத்தோடு கும்பிடு போடுகிறவர் என்று யாராவது நினைத்தால், அவர் அந்த கிளினிக் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் யாரையும் லேசில் உள்ளே விட்டுவிடமாட்டாள். போன் செய்யாமல் வந்தால் சளியோ முட்டி வலியோ, பதில் ஒன்றுதான்: “நாளைக்கு வாங்க.” டாக்டரம்மாவைக்கூடப் பார்த்துவிடலாம், இவளைத் தாண்டுவதற்குள் நோயே தீர்ந்துபோகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டோக்கன் அக்கா என்று பெயரும் வைத்திருந்தார்கள். மூக்கொழுகுகிற கூட்டத்தையெல்லாம் உள்ளே விட்டால் உண்மையிலேயே முடியாமல் வருகிறவன் எங்கே போவான் என்பது அவள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரை அவள் போன் செய்தீர்களா என்று கேட்டதில்லை. கதவைத் தள்ளும் விதத்திலேயே யாருக்கு அவசரம், யார் வீட்டில் பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். சலூன்காரர் இரண்டாவது ரகம். ரத்த அழுத்தம் பார்க்க என்று வருவார். பார்த்த பிறகும் மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். முறைத்துப் பார்த்தால் சிரிப்பார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கஷ்டமான விஷயத்தைச் சொல்லவேண்டியவர்களை வரிசையில் கடைசியாக வைப்பார். பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்றால் அவர்கள் அழலாம், கேட்டதையே திரும்பக் கேட்கலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். காலையில் கைப்பையை ஆணியில் மாட்டும்போது, “அவங்களக் கடைசியா அனுப்புங்க” என்பார். அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொன்னதுமில்லை, இவள் கேட்டதுமில்லை.

அந்த வழக்கத்தோடு இவள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தாள். டாக்டர் அறைக் கதவோரம் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. கடைசி ஆளை அதில் உட்காரவைப்பாள். அங்கிருந்து உள்ளே போக ஓர் எட்டு. வெளியே வருகிறவர்கள் பக்கத்திலேயே மருந்து அறைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாகப் போய்விடலாம். ஈர முகத்தோடு எல்லார் முன்னாலும் நடக்க வேண்டியதில்லை. இதெல்லாம் தனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை வெளியே ஒரே பனிமூட்டம். ஜன்னல்கள் வெள்ளையாக இருந்தன. தொட்டியில் காற்றுக் குமிழ்கள் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா வந்தார். பையை மாட்டிக்கொண்டே, திரும்பாமல், “உங்க அக்காவக் கடைசியா அனுப்புங்க” என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பை வாரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய்க் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. போன வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். “கழுத்துக்கு ஒரு அட்டிகை வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், கடைசில இதுதான் கெடச்சுது” என்று அக்கா சிரித்திருந்தாள். எதிலும் முந்திக்கொள்கிறவள் அவள். பிறந்ததில் முதல், பந்தியில் முதல், பஸ்ஸில் முதல். கிளினிக்குக்கு வந்தாலும் என் தங்கச்சி இடம்தானே என்று நேரே உள்ளே போகப் பார்ப்பாள். இவள் ஒரு தடவைகூட விட்டதில்லை.

அன்று அக்கா வந்தபோது இவள் முகத்தைப் பார்க்காமலே, “உக்காரு, கூப்பிடுறேன்” என்றாள். கதவோரத்து நாற்காலியைக் காட்ட மனம் வரவில்லை. தெருவாசல் பக்கம், அன்றும் வந்து உட்கார்ந்திருந்த சலூன்காரருக்கு அடுத்த சாதாரண நாற்காலியைக் காட்டினாள். அக்கா போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தது. பெயர்களைக் கூப்பிட்டாள், ஆனால் குரல் அறையின் வேறெங்கோ மூலையிலிருந்து வந்தது. வெளியே இருந்த பனி கதவிடுக்கு வழியாக உள்ளேயும் வந்துவிட்டதோ என்னவோ, ஆட்கள் ஓரங்களில் லேசாகக் கரைந்து தெரிந்தார்கள். தொட்டியில் ஒரு மீன் அசையாமல் இவளையே பார்த்தது. வரிசை முடிந்தால்தானே கடைசி ஆள் என்று ஒருத்தி இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. வரிசை முடியாவிட்டால்?

கதவு திறந்தது. குழாய் ரிப்பேர்க்காரர் கட்டைவிரலைப் பிடித்தபடி நின்றார். “போன் பண்ணலீங்க. தெரியும், நாளைக்கு வர்றேன்” என்று தானே திரும்பினார்.

“உக்காருங்க, கூப்பிடுறேன்” என்று ஒரு டோக்கனை நீட்டினாள்.

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

அடுத்து, பக்கத்துக் கடைக்கு வழி கேட்க வந்த அம்மாளுக்கும் ஒரு டோக்கன் கிடைத்தது. அந்த அம்மாள் யோசித்துப் பார்த்து, ரொம்ப நாளாகத் தனக்கு ஒரு தலைசுற்றல் உண்டு என்று ஒப்புக்கொண்டாள். தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை இறக்கி வைத்து நிமிர்ந்தார்.

“உங்களுக்கு முதுகு வலிக்குதா?”

“அது எப்பவும் வலிக்கிறதுதானுங்க.”

“இந்தாங்க டோக்கன்.”

நாற்காலிகள் நிறைந்தன. ஒவ்வொரு டோக்கன் கொடுக்கும்போதும் அக்கா ஓர் ஆள் தள்ளிப் போனாள். அது இவளுக்கு நன்றாக இருந்தது. இப்படியே தெருவை, ஊரை, உலகத்தையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டால் அந்தக் கதவை அக்கா எட்டவே மாட்டாள். இவள் கையிலிருந்தது அந்த டோக்கன் கட்டு ஒன்றுதான். டாக்டரால் முடியாததை அதை வைத்துச் செய்துவிடலாம் என்று அந்தப் பனி வெளிச்சத்தில் உட்கார்ந்து முழு மனதோடு நம்பினாள்.

நிமிர்ந்தபோது அக்கா மேசை முன் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன்டி, தண்ணி கேன் போடுறவருக்கும் டோக்கனா?”

“பாவம்க்கா, முதுகு வலியாம்.”

“போன மாசம் நான் முதுகு வலின்னு வந்தப்ப, போன் பண்ணிட்டு வான்னு திருப்பி அனுப்பின.”

இவள் டோக்கன்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

“ஊருக்கெல்லாம் அந்தக் கதவோரத்து நாற்காலியக் குடுத்த. எனக்கு மட்டும் ஏன்டி தரல?”

“எந்த நாற்காலி?”

“நடிக்காதடி. எல்லாருக்கும் தெரியும்.”

இவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் மீன் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த நாற்காலியைக் காட்டிய கையால் தீர்ப்பையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சலூன்காரர் எழுந்து வந்தார். “என் சம்சாரத்தயும் அதுலதான் உக்கார வெச்சீங்க. அப்பவே அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே நமக்காக ஒருத்தி கவலப்பட்டிருக்கா, அதனால உள்ள போகத் தெம்பா இருந்துதுன்னு சொன்னா.” பிறகு, “இப்ப நல்லாத்தான் இருக்கா. என்னத் திட்டுற அளவுக்கு” என்றார்.

குழாய் ரிப்பேர்க்காரர் தன் டோக்கனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “விரல் ஒண்ணும் ஓடிப்போயிடாது. நான் நாளைக்கு வர்றேங்க.”

“எனக்கும் அவசரமில்லம்மா, நாளைக்கு வர்றேன்” என்றாள் வழி கேட்க வந்த அம்மாள்.

தண்ணீர் கேன்காரர் டோக்கனை வைத்துவிட்டுக் காலிக் கேனைத் தோளில் போட்டுக்கொண்டார். இவளுடைய ‘நாளைக்கு’ வசனத்தையே ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வெளியே பனிக்குள் போனார்கள். அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை மீண்டும் சின்னதாகிவிட்டது. அதில் அக்கா மட்டும்தான் இருந்தாள்.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. கதவோரத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். சின்ன வயதில் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததுபோல இருவரும் உட்கார்ந்தார்கள். அப்போது அக்காதான் இவளைத் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுவந்து விடுவாள். இன்று தள்ளவில்லை.

உள்ளேயிருந்து மணி அடித்தது. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. இத்தனை பேரைக் கூப்பிட்ட தொண்டை அக்காவைக் கூப்பிட மறுத்தது.

மேசைப் பக்கமிருந்து சலூன்காரர் கனைத்துக்கொண்டார். “அடுத்தது,” என்றார், அவளைப்போலவே கொஞ்சம் கறாராக. “அக்காவும் தங்கச்சியும் உள்ள போகலாம்.”

இருவரும் எழுந்தார்கள். வழக்கம்போல அக்காதான் முந்தினாள். கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்குடி,” என்றாள். “இந்த ஒரு தடவ நீ முன்னால போ.”

அவள் அக்காவின் கையை விடாமல், கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனாள்.