பல்லக்கில் சிக்கிய சீமாட்டி

"தலைப்பக்கம் தூக்குங்க, தலைப்பக்கம்!"

அச்சுக்கூடத்து டோபியாஸ் கீழ்ப்படியில் நின்று கத்தினார். சவப்பெட்டி மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலே ஹெஸ்டரின் அப்பா பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"டார்கஸ் அக்கா, இன்னிக்காவது சொல்ற பேச்சக் கேளேன்," என்றார் டோபியாஸ், பெட்டிக்குள் இருந்த ஹெஸ்டரின் அம்மாவிடம்.

வீட்டுக்குள் யாரும் சிரிக்கவில்லை. தெருவில்தான் சிரிப்பு கேட்டது.

வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த படக்கடையின் சன்னல் முன் கூட்டம் நின்றிருந்தது. லண்டன் சீமாட்டிகளைக் கேலி செய்யும் படம் எது வந்தாலும் நிற்கிற கூட்டம். இது அப்பா செம்புத் தகட்டில் செதுக்கிய புதுப் படம். மூடுபல்லக்கின் கதவில் ஒரு பருத்த சீமாட்டி சிக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அவளோ ஒன்றும் நடக்காததுபோல் விசிறியால் முகத்துக்குக் காற்று வீசிக்கொள்கிறாள்.

சீமாட்டியின் முகமும் இடுப்பும் ஹெஸ்டரின் அம்மாவுடையவை. அப்பா பார்த்து வரைவதற்காக, தலையில் வாத்து இறகுகளைச் செருகிக்கொண்டு அம்மா சமையலறை வாசலில் சிக்கியதுபோல் நின்று காட்டியிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். அச்சான படத்தில் கன்னங்களுக்குச் சிவப்புப் பூசியது ஹெஸ்டர்.

ஹெஸ்டர் கடைக்காரியிடம் போனாள்.

"ரட்ஜம்மா, அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க. அம்மா தெருவத் தாண்டுற வரைக்கும்."

"அதுக்குத்தானே இத்தன பேரு நிக்கிறாங்க? உங்க அப்பாவக் கேளு."

அவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா?"

அவருடைய கன்னம் பெட்டியின் பலகையில் அழுந்தியிருந்தது.

"அவளுக்குப் பிடிச்ச படம்மா அது," என்றார். "சன்னல்ல மாட்டினதும் தெருவுல நின்னு பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

ஹெஸ்டர் சன்னலுக்குப் போய்ப் படத்தைப் பிடுங்கினாள்.

சன்னலின் மற்ற கண்ணாடிச் சதுரங்களையெல்லாம் படங்கள் மறைத்திருந்தன. அந்த ஒரு சதுரத்தில் மட்டும் வெளிச்சம் உள்ளே வந்தது. வெளியே இருந்த முகங்கள் படத்தைத் தேடின. பிறகு அவளைத் தாண்டிக் கடைக்குள் பார்த்தன. நேர் எதிரே மாடிப்படி. திருப்பத்தில் சிக்கிய பெட்டி. அதன் அடியில் தோளைக் கொடுத்துத் தள்ளுகிற டோபியாஸ்.

"டேய், இங்க பாருங்கடா! அதே படம், உள்ள நடக்குது!"

முன்வரிசை சிரித்தது. பின்னால் நின்றவர்கள் என்ன, என்ன என்று நெருக்கினார்கள்.

ஹெஸ்டர் படத்தைத் திரும்ப மாட்டப் போனாள். பிடுங்கியதில் அது இரண்டாகக் கிழிந்திருந்தது. அவள் திரும்பி, அந்தச் சதுரத்தில் முதுகை வைத்து அழுத்தி நின்றுகொண்டாள். தோள்பட்டைகளுக்கு நடுவில் கண்ணாடி சில்லென்றிருந்தது.

"நகரும்மா! மறைக்காத!"

பெட்டி சுவரை உரசியது. சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வந்துருச்சு, வந்துருச்சு," என்றார் டோபியாஸ்.

பெட்டி கடைசிப் படியைத் தாண்டியது. அப்பாவின் சட்டைக்கையெல்லாம் சுண்ணாம்பு.

"வா, ஹெஸ்டர்," என்றார்.

பெட்டி இன்னும் கடைக்குள்தான் இருந்தது. அவள் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.