கொம்பியூட்டர் மறக்காது, அக்கா

ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தால் குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்காது. அதனால் யுத்த காலத்து விசுவமடுவில் ஜெனரேற்றர் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தி மேலே பார்த்தால் போதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடிப்போய் நிறுத்திவிடுவார்கள். பிறகு எல்லோருமாக வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்போம். எங்கள் கொம்பியூட்டர் நிலையத்தில் அந்த வேலை சுகிர்தனுடையது. இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் மத்தியானம் அவன் அப்படித்தான் ஓடிப்போய் நிறுத்தினான். வந்தது கிபிர் அல்ல, தூரத்தில் போன உழவு இயந்திரம். ஆனால் அதன் பிறகு எங்கள் கொம்பியூட்டர் எழும்பவே இல்லை.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கிடுகுக் கொட்டில், இரண்டு கதிரை, பழைய சேலைத் துண்டால் மூடி வைத்த ஒரே ஒரு கொம்பியூட்டர், பக்கத்தில் ஒரு பிரிண்டர். செத்துப்போன மூன்று கொம்பியூட்டர்களின் உறுப்புகளைப் பொறுக்கி சுகிர்தன் பொருத்தியது அது. அவனுக்கும் என் வயதுதான், இருபத்திரண்டு. ஜெனரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிடுவான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். விசைகளைப் பார்க்காமல் தமிழ் அடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனம்தான், மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறியிருந்த மீனம்மா அக்காவின் காரியத்தைக் கெடுத்தது.

அவருடைய மகள் மேனுகா வீட்டில் பிறந்தவள். பிறப்புப் பதிவே இல்லை. மார்கழியில் சோதனை எழுத அது வேண்டும். பிந்திப் பதிவதென்றால் தாய் எங்கே, எந்த இலக்கத்தில் பதியப்பட்டாள் என்ற விபரம் கேட்பார்கள். மீனம்மா அக்காவின் பிறப்புப் பத்திரமோ எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டோடு சேர்ந்து எரிந்துவிட்டது. விபரம் முழுவதும் அவருடைய அப்பா பெரியண்ணனின் தலைக்குள்தான் இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் தோட்டத்து ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று, தோட்டம், டிவிசன், லயம், காம்பரா என்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கேட்டது கேளாதது எல்லாம் சொன்னார். எல்லாவற்றையும் அடித்தேன். பிரிண்டரின் றிபன் காய்ந்துபோயிருந்ததால் தாளில் எடுக்க முடியவில்லை.

"ஒரு தாள்ல எழுதி வச்சுக்கட்டுமா தங்கச்சி?" என்று மீனம்மா அக்கா கேட்டார்.

"கொம்பியூட்டர் மறக்காது அக்கா. றிபன் வந்தவுடனை அடிச்சுத் தாறன்" என்றேன்.

அடுத்த கிழமை பெரியண்ணன் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள்தான் அந்த உழவு இயந்திரம் வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுத விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று என்னை நானே திட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

சுகிர்தன் நாலு நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினான். ஐந்தாம் நாள் ஒரு சிடியோடு வந்தான். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கொம்பியூட்டர் சஞ்சிகையோடு ஒட்டியிருந்ததாம். வவுனியாச் சோதனைச்சாவடியில் டோர்ச் பற்றியைப் பறித்த ஆமிக்காரர் இந்தச் சிடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிடைத்த புதிதில் அவன் அதைச் சைக்கிளின் பின் மட்காட்டில் மினுங்கட்டும் என்று கட்டியிருக்கிறான். கிபிர்க்காரன் கண்டுவிடுவான் என்று தாய் கத்தியதில் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டான். அதனால்தான் அது கீறல்படாமல் தப்பியது.

"இது வேற சிஸ்டம். லினக்ஸ் எண்டு பேர். டிஸ்கிலை கை வைக்காமல் சிடியிலையே ஓடுமாம். ஓடினால் டிஸ்குக்குள்ளை எட்டிப் பாக்கலாம்" என்றான்.

"என்ன விலையாம்?"

"சும்மா. ஆரும் கொப்பி எடுத்து ஆருக்கும் குடுக்கலாமாம். எழுதினவங்களே அப்பிடித்தான் சொல்லியிருக்கிறாங்கள்."

நான் நம்பவில்லை. அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குக் குளிக்கிற சவர்க்காரத்துக்கும் டோர்ச் பற்றிக்கும்கூடத் தடை போட்டிருந்த காலம். முகம் தெரியாத யாரோ எங்கோ இருந்து எழுதிய ஒன்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் கொட்டில்வரை வந்து சேர்ந்திருந்தது. இன்று என் மடிக்கணினியிலும் அதன் வழி வந்த ஒன்றுதான் ஓடுகிறது. படமும் பாட்டும் வண்ணமுமாக இருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் அது திறக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அன்று கொட்டிலில் கண்ட கறுப்புத் திரைதான் வேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் மணமும்கூட. மகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

கிராம சேவகர் கனகலிங்கம் பிறப்புப் பதிவு விண்ணப்பங்களோடு மறுநாள் விடிய அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போவதாக இருந்தது. எங்களிடம் ஒரேயொரு போத்தல் மண்ணெண்ணெய் மிச்சம். மத்தியானம் மீனம்மா அக்காவும் மேனுகாவும் வந்து குந்தினார்கள். சுகிர்தன் சிடியைப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. மேல் மூலையில் ஒரு பென்குயின் வந்து இருந்தது.

"அது என்னா, கோழியா?" என்றார் மீனம்மா அக்கா. எனக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது.

சுகிர்தன் சஞ்சிகையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாக அடித்தான். டிஸ்க் திறந்தது. கோப்பு இருந்தது. திறந்ததும் அவன் முகம் கறுத்துப்போனது. எங்கள் தமிழ் எழுத்துரு அந்த சிஸ்டத்தில் இல்லை. திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. இலக்கங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன, எது எதனுடைய இலக்கம் என்று யாருக்குத் தெரியும்?

"முடிஞ்சுது" என்றான்.

நான் முதல் வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். kPdk;kh என்று இருந்தது. என் வலது கை நடுவிரல் மேசையில் தானாகத் தட்டியது. அந்த k என் விரலுக்கு ம. அந்த d இடது கை நடுவிரலுக்கு ன.

"மீனம்மா" என்றேன். "அக்கா, உங்கடை பேர்தான் இருக்கு! மேனுகா, கொப்பியை எடும்."

கண் ஆங்கிலத்தைப் பார்க்க, விரல் மேசையைத் தட்ட, வாய் தமிழைச் சொன்னது. தகப்பன் பெயர் பெரியண்ணன். மயிலகந்தைத் தோட்டம், மேல் டிவிசன், ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா. பதிவு இலக்கம். மேனுகா எழுதிக்கொண்டே போனாள். மீனம்மா அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தார். இலக்கம் கிடைத்துவிட்டது, எந்த ஊரில் பதிந்தது என்பதுதான் பாக்கி. அது கடைசி வரியில் இருந்தது.

அப்போது தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. வந்தவர் மேலே பார்த்தார்.

சுகிர்தன் எழும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் போகவும் மனமில்லை, நிற்கவும் முடியாது. பக்கத்து வளவுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். போய் நிறுத்தினான். திரை செத்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டும் அளவுக்கு எண்ணெய் மிச்சமில்லை.

"அந்த ஊரு பேரு, தங்கச்சி?" மீனம்மா அக்கா மெல்லக் கேட்டார். "அப்பா சொன்னாரே. எனக்கு வரமாட்டேங்குதே."

எனக்கும் வரவில்லை. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, எல்லா ஊரும் தலைக்குள் வந்து போயின. கண்ணை மூடிக்கொண்டேன். செத்த விசைப்பலகையில் கை வைத்து, பெரியண்ணன் அன்று சொன்ன கடைசி வசனத்தைத் தொடக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினேன். "இவ பொறந்து ஒம்பதாம் நாள், மழ, கொழுந்துக் கூடையில வச்சு மூடி, நடந்தே போயி..." விரல் நிற்காமல் போனது. நான் அதன் பின்னால் சொல்லிக்கொண்டு போனேன். ஊரின் பெயர் எழுத்தெழுத்தாக வரத் தொடங்கியது. "பு... ச... ல்..."

தெருவில் எல்லோரும் அண்ணாந்து வானத்துக்குக் காது கொடுத்து நின்றார்கள். மேனுகா பென்சிலைக் கொப்பியில் ஊன்றிக்கொண்டிருந்தாள். மீனம்மா அக்கா மட்டும் குனிந்து, விசைப்பலகைக்குப் பக்கத்தில் காதை வைத்து, அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.