மூத்ததேவிக்குக் கீழே ஒரு வெற்று அட்டை

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அரியலூரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில், ஒரு சிலைக்குக் கீழே எழுத்தில்லாத அட்டையைப் பார்த்தேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை போயிருக்கும். மற்றதெல்லாம் என் சரக்கு.

2
பனி விலகாத ஒரு காலைப்பொழுதில் வெற்றிச்செல்வி...

சே, வேண்டாம். சிமெண்ட் லாரி ஓடும் ஊரில் தூசி என்றாலாவது நம்புவீர்கள். வெற்றிச்செல்வி காலையில் இங்கே சிலைகளுக்குத் தூசி தட்டிப் பராமரிக்கிறாள். மதியம் பஸ் பிடித்துப் பெரம்பலூர் கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிறாள். பெருத்த வயிறும் காக்கைக் கொடியுமாக உட்கார்ந்திருக்கும் மூத்ததேவி, ஊர் வாயில் மூதேவி, என்றால் அவளுக்கு உயிர். "கோயில்ல வச்சுக் கும்பிட்ட சாமி. நாமதான் ஆகாதவள்னு வெளிய தள்ளிட்டோம்" என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்வாள்.

3
உடையார்பாளையம் வீரமுத்து வந்து நிற்கிறார். தன் முந்திரிக் கொல்லையில் கிடைத்த மூத்ததேவி சிலையை இங்கே கொடுத்தவர். (முதலில் இவரை விவரம் கெட்டவராக எழுதினேன். அடித்துவிட்டேன். மகள் கல்யாணத்துக்குப் பயப்படுகிற மனுஷனைக் கேலி செய்ய நான் யார்?)

"அட்டையில கண்டெடுத்தவர்னு எம்பேரு இருக்குதுங்க. பாடாலூர்லேருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. மூதேவி வந்த வூடுன்னு காதுல விழுந்தா சம்பந்தம் நின்னுரும். எடுத்துடுங்கம்மா."

எடுத்தால், வகுப்பில் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு என்றாகிவிடும். எடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம். வெற்றிச்செல்வி அட்டையை உருவிவிட்டு வெற்று அட்டையைச் செருகினாள். மனசு ஆறவில்லை.

4
கல்யாணம் நடந்தது, சுபம் என்று முடித்து ஒரு வாரம் வைத்திருந்தேன். சப்பென்று இருந்தது. கட்டிக்கப்போகிறவளை நான் கேட்கவே இல்லையே!

வீரமுத்துவின் மகள் கண்ணகி வந்தாள். பின்னாலேயே அப்பாவும்.

"மம்புட்டி எங்கையிலதாங்க இருந்துச்சு. டங்குன்னுச்சு. மண்ணத் தொடச்சு மொகத்த மொதல்ல பாத்தது நான்தான். எம்பேரப் போடுங்க."

வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்றது. செதுக்கியவன் யார், செய்வித்தவன் யார் என்று மாணவர்களைக் குடைகிறவள், மம்புட்டி பிடித்தது யார் என்று கேட்காமல் நிலத்துக்காரர் பேரை எழுதியிருக்கிறாள்.

"மாப்பிள்ள வூட்ல?" என்றாள் மெதுவாக.

"நாளைக்கு நானே கூட்டியாரேங்க. இந்தச் சாமியப் பாத்துட்டு ஓடுறவங்க வூட்டுக்கு நான் எதுக்குங்க போவணும்?"

வீரமுத்து வாசலிலேயே நின்றார்.

5
எழுது, எழுது என்று என் கை பரபரக்கிறது. ஆனால் அந்த வீட்டில் வாழப்போவது நானில்லை, தூக்கம் கெடப்போவதும் எனக்கில்லை. நான் பார்த்த அட்டை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

பேனாவை உங்கள் பக்கம் வைக்கிறேன். கண்ணகி காத்திருக்கிறாள். எழுதுவதானால், வாசலில் நிற்பவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.