இரண்டு தட்டு

தம்பி விடுப்பில் வந்த மறுநாள்தான் அக்கா அதைக் கவனித்தாள். காலிக் குளியலறையின் கதவைச் சாத்தினான். விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகுதான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டான்.

"உள்ள யாருடா, பேயா?"

"பழக்கம்க்கா. கப்பல்ல அடித்தட்டுக் கதவ அடைக்கறதுக்கு முன்னால இப்படித் தட்டணும். உள்ள ஆள் இருந்தா திருப்பித் தட்டுவான். திறந்து விட்டுடுவோம்." சட்டைப் பொத்தானைத் திருகினான். "அபாயச் சங்கு ஊதினா மட்டும் தட்டக்கூடாது. தண்ணி ஏறிடும்ல. அடைச்சுட்டு மேல வந்துடணும்."

"நீ எந்தப் பக்கம்டா இருப்ப?"

"முறை வச்சுத்தான்."

அவனுக்குத் தெருவில் 'கல்லு' என்று பேர். சின்ன வயதில் குளத்தில் விழுந்தவன் கையைக் காலைக்கூட அடிக்காமல் நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கடற்படையில் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. "கப்பல்தானே மிதக்கணும், நான் எதுக்கு மிதக்கணும்?" என்றான். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. விடுப்பு முடிந்து போகும்போது வாசற்கதவையும் சாத்தித் தட்டினான். அக்கா உள்ளிருந்து திருப்பித் தட்டினாள். கதவைத் திறந்து, பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு போர் முற்றியது. சலவைக்கடையில் துணி தேய்க்கும்போது, ஈரத்துணியில் பெட்டி பட்டுச் சீறினாலே அக்கா பெட்டியைத் தூக்கி நிறுத்திவிடுவாள். தண்ணீர், இரும்பு, சூடு. அவன் இருக்கும் இடமும் இப்படித்தானே இருக்கும் என்று நினைப்பாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

சாவுச் செய்தி வந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, கப்பலில் தம்பியோடு வேலை பார்த்த ஒருவன் அவன் பையைக் கொண்டுவந்தான். குச்சி மாதிரி ஒல்லி. அவனுக்கும் அதே வயதுதான். அம்மா கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ரொம்பத் துடிச்சானாப்பா?"

"இல்லம்மா. ஒரே நொடிதான்." டம்ளரைப் பார்த்தே சொன்னான்.

அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் அவன் செருப்பை மாட்டும்போது அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அன்னைக்குக் கதவு யாரு முறை?"

அவன் செருப்பு வாரை வெகுநேரம் மாட்டினான்.

"என்னோடதுக்கா."

"சங்கு ஊதின பிறகா?"

ஆமென்று தலையசைத்தான்.

"தட்டினியா?"

"தட்டக்கூடாதுக்கா."

உள்ளேயிருந்து தம்பி தட்டினானா? அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கேட்டால் பதில் வந்துவிடும். வந்தவன் எழுந்து வெளியே போனான். கை பழக்கத்தில் கதவைச் சாத்தியது.

படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை.

"போயிட்டானா அந்தப் புள்ள?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

கதவில் மெல்ல இரண்டு தட்டு விழுந்தது. அக்காவின் கை உயர்ந்தது. விரல் கணுவுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நூலிழை இடம்தான் இருந்தது.