கடப்பாரை இல்லாமல்

மேனாம்பேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஷெட்டை ஓனர் ரவிச்சந்திரன் ஃபிளாட் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும், உள்ளே எது இருந்தாலும் மண்ணோடு மண்ணாகப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்தது எங்கள் லேத், இரும்பு கடையும் மெஷின். ஒன்றரை டன். எங்கள் வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வருகிறது. சந்துக்குள் கிரேன் நுழையாது. எதிர்வீட்டுக்காரர் பால்கனியை அவ்வளவு தாராளமாக நீட்டி வைத்திருக்கிறார்.

மெஷின் நகர்த்தும் ஜானகிராமன் வந்து பார்த்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே முறைதான். கடப்பாரையால் நெம்பி, அடியில் பைப்பை உருட்டிவிட்டுத் தள்ளுவார்கள்.

"இன்னாக்கா யோசிச்சினு கீற? நாலு ஆளு, நாலு கடப்பாரை. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"எங்க ஊட்டுக்காரர் காலைப் பாத்துட்டுப் பேசு," என்றேன்.

இதே லேத்தை உள்ளே கொண்டுவந்த அன்று கடப்பாரை வழுக்கி, என் கணவர் முஸ்தகீமின் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இனி இதற்கு அடியில் யாருடைய கையும் காலும் போகக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் இது கோபமில்லை, பயம்.

"அப்போ எப்படித்தான் தூக்கறது ஷாகிதா?" என்றார் இவர்.

"நீங்க லேத்துக்காரர், நான் வெல்டர். திருகித் தூக்கற ஜாக்கு நாமளே செய்வோம்."

காயலான் கடையில் சட்டத்துக்குச் சேனல் இரும்பும், திருகு கடையப் பழைய ஷாஃப்டும் வாங்கினோம். அந்த லேத்திலேயே இவர் இரண்டு கனத்த திருகுகளைக் கடைந்தார். தன்னைத் தூக்கப்போகிற திருகைத் தானே கடைந்துகொண்டிருந்த லேத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சேனலை நிறுத்தி, கீழே சக்கரம் வைத்து, லேத்தின் அடிப்பாகத்தோடு போல்ட் போட்டு இறுக்க ஒரு தடித்த தட்டை வெல்டிங் செய்தேன். ஒரு இடம் மனசுக்கு ஒப்பவில்லை. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

வியாழக்கிழமை லேத்தின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஜாக்கை மாட்டித் திருகைச் சுற்றினோம். லேத் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது. ஜானகிராமன் வாயைப் பிளந்தான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வாசலில் வந்து மாட்டிக்கொண்டது. முன்பக்கம் சந்துக்குள் திரும்பும்போது பின்பக்க ஜாக் சுவரில் இடித்தது. லேத்தை அளந்திருந்தோம், வாசலை அளந்திருந்தோம். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த ஜாக்கை அளக்கவே இல்லை.

"ஜாக்கைக் கழட்டு பாய். கடப்பாரைல ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்," என்றான் ஜானகிராமன்.

இவர் கை கடப்பாரைப் பக்கம் போனது.

"தொட்டீங்க, லேத்து மேலயே ஏறி உக்காந்துப்பேன். ஜேசிபி வந்து என்னையும் சேத்து அள்ளினு போவட்டும்!"

இவர் கையை இழுத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். நாளைக்கு இடிக்கப்போகிற சுவர். இதற்கா இவ்வளவு மரியாதை? ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்டே பழகிய வாடகைக்காரப் புத்தி.

"ஜானகிராமா, அந்தக் கடப்பாரையக் குடு."

ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே கொடுத்தான். அதை வாசலோரச் செங்கல்லில் ஓங்கி இறக்கினேன். சத்தம் கேட்டு ரவிச்சந்திரன் ஓடிவந்தார்.

"பாய், இன்னா இது? என் செவுரு!"

"நாளைக்கு ஜேசிபிக்குக் கொஞ்சம் வேலை கம்மி, அவ்ளோதான்," என்றேன். அவர் தள்ளி நின்றுகொண்டார். ஜானகிராமன் இன்னொரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

சுவர் வழிவிட்டது. லேத் தன் சக்கரத்திலேயே தெருமுனைவரை உருண்டது. அங்கே வரச்சொல்லியிருந்த கிரேன் அதை லாரியில் ஏற்றியது. வெள்ளானூரில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த புது ஷெட் காத்திருந்தது.

இவர் செருப்பைக் கழற்றிச் செங்கல் தூசியைத் தட்டினார். என் கண் காலுக்குத்தான் போனது. இரண்டு காலிலும் சேர்த்து எண்ணினேன். எட்டு. காலையில் இருந்த அதே எட்டு.

"இன்னாடி பாக்கற?" என்றார்.

நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே இன்னொரு தடவை எண்ணினேன்.