சாவி யார் கையில் இருந்தது

அந்தப் படத்துக்குப் பெரியவர் எப்படித் தலையாட்டினார் என்பது படப்பிடிப்புக் குழுவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாற்பது வருடம் மேடையிலும் திரையிலும் கொடிகட்டிப் பறந்த மனிதர். அவர் மட்டுமா? அவருக்கு மனைவியாக நடித்த அம்மாள் வீட்டில் விருதுகளை அடுக்க அலமாரி போதாது. மச்சானாக வந்தவர் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி விழுவது, பின்பக்கம் பேண்ட் கிழிவது, கக்கூஸ் கதவு பூட்டிக்கொள்வது என்று ஒரு சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் இளம் இயக்குநர்.

கன்டினியூட்டி பார்ப்பது நோட்டக்காவின் வேலை. முந்தைய ஷாட்டில் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, குடை எந்தக் கையில் இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதிவைப்பாள். இருபது வருடமாகக் கையும் நோட்டுமாகவே அலைந்ததால் அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

எதையும் உற்றுப் பார்க்கும் கண் என்பதால் முதலில் அவள் கண்ணில்தான் பட்டது.

இரண்டாம் நாள், பெரியவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து மனைவியைத் திட்ட வேண்டும். வந்தார். நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இது யார் வீடு?" என்றார். அப்படி ஒரு வசனமே கிடையாது.

"சார், பின்னிட்டீங்க!" என்று இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த முழி இருக்கு பாருங்க, அதுக்கே காசு! இதையே வெச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நோட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவரின் இடது கை சுவரைத் தடவித் தேடியதை அவள் பார்த்திருந்தாள். சற்று நேரம் கழித்து அவளிடம் வந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். காலையிலிருந்து நாலு தடவை போய்வந்த பாத்ரூம். அவள் கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரே கேள்வியை அவர் மூன்று தரம் கேட்டார், செருப்பை மாற்றி மாட்டினார். ஒவ்வொன்றும் கேமராவுக்கு முன்னால் நடந்தால் கைதட்டல். பின்னால் நடந்தால் அவள் ஒருத்திதான் சாட்சி. யாரிடம் சொல்வது? சொன்னால் அந்த மனிதரின் பிழைப்பும் பேரும் ஒரே மூச்சில் போய்விடும். சொல்லாமல் இருந்தால்?

ஆறாம் நாள் அந்தக் கேள்விக்குப் பதில் வந்து நின்றது.

சரிவான ஒரு தெருவை அடைத்து வைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு பழைய கார். பெரியவர் அதை வேகமாக ஓட்டிவந்து, கீழே சாக்பீஸால் போட்ட கோட்டில் சடாரென்று நிறுத்த வேண்டும். கோட்டுக்குப் பின்னால் மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குப் பின்னால் கேமராமேனும் இரண்டு உதவியாளர்களும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்குள் அம்மாளும் மச்சானும்.

நோட்டக்கா கார் ஜன்னல் அருகே போனாள். பெரியவரின் மூக்குக்கண்ணாடியைச் சரிபார்ப்பது போல் குனிந்தாள். அவருடைய வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே, எதில் வைப்பது என்று தெரியாத மாதிரி அந்தரத்தில் நின்றது.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்டார்.

 அவள் சரிவில் இறங்கி இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஒரு நிமிஷம்! ஷாட் தப்பு."

"என்ன நோட்டக்கா, வெளிச்சம் போகுது!"

"வீட்டு வாசல்ல எடுத்தோமே, அதுல சாவி அம்மா கையில. அவங்கதான் ஓட்டுற பக்கம் ஏறுறாங்க. இப்ப இவர் ஓட்டினா ஒட்டாது."

பச்சைப் பொய். சாவி பெரியவர் கையில்தான் இருந்தது. அவளே தன் கைப்பட எழுதியிருந்தாள். இருபது வருடத்தில் அந்த நோட்டின் பேரில் அவள் சொன்ன முதல் பொய்.

இயக்குநர் புருவத்தைச் சுருக்கினார். "எனக்கு அப்படி ஞாபகமில்லையே. நோட்டைக் காட்டுங்க."

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.  இயக்குநர் கையை நீட்டியபடியே நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா தம்பி, நான்தான் ஓட்டுற பக்கம் ஏறினேன். நல்லா ஞாபகமிருக்கு."

மனைவியாக நடித்த அம்மாள் காரைவிட்டு இறங்கி அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். குரல் என்னவோ நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நோட்டக்காவைப் பார்த்த பார்வையில் அதே பயம். இவளுக்கும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்?

"என்னவோ பண்ணுங்க. சீக்கிரம்!" என்று இயக்குநர் கையை உதறினார்.

அம்மாள் ஓட்டினாள். கார் உறுமிக்கொண்டு இறங்கிவந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பக்கத்து இருக்கையில் பெரியவர் இரண்டு கையாலும் கதவைப் பற்றிக்கொண்டிருந்தார். "ஐயோ, அந்த முழி!" என்று யாரோ சிரித்தார்கள்.

அடுத்த ஷாட்டுக்கு விளக்குகளை மாற்றும்போது நோட்டக்கா மேக்கப் அறைக்குப் போனாள். கண்ணாடி முன்னால் பெரியவர் தனியாக இருந்தார். அப்போது தெளிவாகத்தான் இருந்தார்.

"பொய் சொல்லிட்டியே நோட்டு."

அவள் கதவைச் சாத்தினாள்.

"ஊரே கேக்குது, இந்தக் குப்பையில ஏன் நடிக்கிறேன்னு. வசனம் கம்மிம்மா. விழணும், முழிக்கணும். நல்ல கதை ஒண்ணு வந்துச்சு. மூணு பக்கம் பேசணும். வேணாம்னுட்டேன். இங்க தப்பு விட்டா சிரிப்பாங்க. அங்க தப்பு விட்டா..." முடிக்காமல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கார்ல மூணு பேர் இருந்தீங்க. கீழ மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க ஐயா."

"தெரியும். அது தெரியறதுனாலதான் பயமா இருக்கு."

"வீட்ல சொன்னீங்களா?"

தலையை அசைத்தார். இல்லை. பிறகு பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தார். "நீயே என் பொண்ணைக் கூப்பிடு. நான் பேசினா அழுதுருவேன்."

அவள் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் பெயர்கள். "உங்க பொண்ணு பேரு என்னங்கய்யா?"

பெரியவர் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். கண் அவள் முகத்திலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து கதவுக்கும் போய்த் திரும்பியது. அறையில் கேமரா இல்லை, சிரிக்க ஆளும் இல்லை.  நோட்டக்காவுக்குக் கத்திக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். கடைசியா வந்த போன்ல பார்க்கிறேன்" என்றாள். அன்று காலை மட்டும் ஒரே பெண் பெயரிலிருந்து ஐந்து தவறிய அழைப்புகள் இருந்தன. அதை அழுத்தினாள்.

ஒரு மணி நேரத்தில் மகள் வந்துவிட்டாள். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தலைதெறிக்க ஓடிவந்தாள். "அப்பா" என்றாள். அவர் அவளை நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார், கையை இறுகப் பற்றிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

மீதிக் காட்சிகளை அவருடைய முதுகைப் போன்ற முதுகுள்ள ஒருவரை வைத்து முடித்தார்கள். வெளியில் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். படம் வந்தது. இத்தனை பெரிய நடிகர்களை இப்படி வீணடித்துவிட்டார்களே என்று பத்திரிகைகள் கிழித்தன. ஆனால் பெரியவரின் முழி மட்டும் துண்டு துண்டாக எல்லோர் போனிலும் சுற்றியது.

நோட்டக்காவின் கணவரும் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மனுஷன் என்னமா நடிக்கிறான் பாரு!"

"அணைங்க அதை" என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.